மின்சாரத்தை அறுக்கும் இடம்: சில குறிப்புகள்

பேராதனைக் கலஹா சந்தியிலிருந்து ஹிந்தகல வழியாக மேலேறி வரும் வீதியில் தெருத் தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோவின் பாட்டு கேட்காத நாள் குறைவு. பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ இந்த நாட்டில் பாணின் பாட்டாகிவிட்டது. அந்த ஆட்டோவுக்கு வேண்டிய மின்சாரம் கொஞ்சம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் எல்.ஈ.டி. விளக்குக்கு 20 வாட், பாட்டுக்கு 30 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாலு மணித்தியாலம் ஓடினால் 200 வாட்-மணி. கூரையில் 100 வாட் பெனல் ஒன்றும் சீட்டுக்குப் பின்னால் 12 வோல்ட், 50 அம்பியர்-மணி ஈயப் பெட்டரி ஒன்றும் இருந்தால் போதும். ஈயப் பெட்டரியில் பாதியைத்தான் அன்றாடம் எடுக்கலாம் என்று பிடித்தாலும் 300 வாட்-மணி கையில் இருக்கிறது. மூடுபனி நாளுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

கணக்கு இத்தனை லேசாக வருவதால் மற்றது எல்லாம் லேசு என்று நினைத்துவிடுகிறார்கள். பெனல் எத்தனை வாட், பெட்டரி எத்தனை அம்பியர் என்று விசாரித்து வாங்குபவர்கள், நடுவில் மின்சாரத்தை அறுக்கப்போகும் பொருள் எது என்று கேட்பதில்லை. மின்சாரத்தை ஓடவிடுவது எளிது. ஓடுவதை நிறுத்துவதுதான் வேலை. அந்த வேலையைச் செய்வது ரிலேயும் பியூஸும்.

*

இந்தப் பக்கத்துக்கு மின்சாரம் புதிதல்ல. கண்டி மலைகளின் தேயிலைத் தொழிற்சாலைகள் ஓடைத் தண்ணீரில் தங்களுக்கான மின்சாரத்தைத் தாங்களே எடுத்த காலம் உண்டு. ஆனால் லயத்து வீட்டில் பெட்டரி வாங்கி வைக்கும் பழக்கம் பரவியது 2022க்குப் பிறகு. அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல். மண்சரிவுகளில் கண்டி மாவட்டம் எத்தனை உயிரைக் கொடுத்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கம்பங்கள் சாய்ந்து, தொலைபேசியும் செத்து, மலையகத்தின் பல இடங்கள் நாட்கணக்கில் துண்டுபட்டுக் கிடந்தன.

அப்படிப்பட்ட நேரத்தில் சக்கரத்தின்மேல் ஏற்றிய ஒரு சோலார், வீட்டுக் கூரை சோலாரைவிட உதவும். கூரை சோலார் பெரும்பாலும் பொது மின்கம்பியோடு சேர்ந்தே உயிர் வாழ்வது. கம்பி செத்தால் அதுவும் நிற்கும், நிற்கவும் வேண்டும், இல்லாவிட்டால் கம்பியில் வேலை செய்பவர் உயிர் போகும். ஆட்டோவிலோ வேனிலோ இருக்கும் பெட்டரி யாரையும் கேட்காது. பத்துப் பதினைந்து போனை சார்ஜ் ஏற்றும், ஒரு மருந்துப் பெட்டியைக் குளிராக வைத்திருக்கும். எனக்கு இந்தச் சிறு சோலார்மேல் இத்தனை பிடிப்பு இருப்பதற்கு இதுதான் காரணம். அது பத்திரமாகவும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதற்கும் இதுதான் காரணம்.

*

ரிலே என்றால் என்ன என்று ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டார். சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். உள்ளே ஒரு கம்பிச் சுருள். அதில் மின்சாரம் ஓடினால் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். தகடு இரண்டு முனைகளைச் சேர்க்கும். 1835 வாக்கில் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி செய்து காட்டியது, பிறகு தந்திக் கம்பிகளில் தேய்ந்துபோன சமிக்ஞையைத் தூக்கி அனுப்ப உதவியது.

வாகனக் கடையில் கிடைக்கும் கறுப்புச் சதுர ரிலேயின் காலில் எண்கள் இருக்கும். 85, 86 சுருளுக்கு. 30இல் பெட்டரி. 87இல் சுமை. ஐந்தாவது கால் இருந்தால் அது 87ஏ. சுருளில் மின்சாரம் இல்லாதபோது 30ஓடு சேர்ந்திருப்பது அது. இந்த எண்கள் ஜேர்மன் தரநிலையிலிருந்து வந்தவை. ஜப்பான் வண்டியில் வேறு அடுக்கு இருக்கலாம், ஆகவே மூடியில் உள்ள படத்தைப் பார்க்காமல் செருகக் கூடாது. சில ரிலேக்களின் உள்ளேயே டயோட் வைத்திருப்பார்கள். அதில் 86 நேர்முனைக்கே போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டயோட் வழியாக நேராக ஷோர்ட்.

அந்த டயோட் எதற்கு? சுருளை அணைக்கும் கணத்தில் அதன் காந்தம் குலைந்து, 12 வோல்ட் சுருள் நூறு வோல்ட்டுக்கு மேலும் திருப்பி அடிக்கும். பெனலுக்கும் பெட்டரிக்கும் நடுவில் நிற்கும் கொன்ட்ரோலருக்குள் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் அதில் செத்துப்போகும். டயோட் அந்த அடியை விழுங்கும். ஆனால் அது தகட்டை விடுவிக்கும் வேகத்தையும் குறைக்கும், முனைகள் மெல்லப் பிரியும், மெல்லப் பிரிந்தால் பொறி நீளும். பெரிய சுமையை அறுக்கும் ரிலேக்கு டயோடோடு ஒரு சீனர் டயோட் சேர்ப்பது நல்லது.

*

இனி முக்கியமான விஷயம்.

வீட்டுக் கம்பியில் வருவது ஆடலோட்டம், ஏசி. 50 ஹேர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 100 தடவை அது பூச்சியத்தைத் தொடுகிறது. சுவிட்சைப் பிரிக்கும்போது எழும் பொறி அந்தப் பூச்சியத்தில் தானாகவே அணையும். பெட்டரியும் பெனலும் தருவது நேரோட்டம், டீசி. அதற்குப் பூச்சியம் கிடையாது. முனைகள் பிரிந்தாலும் பொறி காற்றிலேயே பாலம் போட்டு எரிந்துகொண்டிருக்கும், உலோகத்தை உருக்கும், பிளாஸ்டிக் உறையைப் பற்றவைக்கும்.

எலெக்ட்ரோனிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீல நிறச் சிறு ரிலேயைக் கையில் எடுத்துப் பாருங்கள். 10 அம்பியர், 250 வோல்ட் ஏசி என்று ஒரு வரி. அதற்குக் கீழே 10 அம்பியர், 30 வோல்ட் டீசி என்று இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரிதான் நமக்கு. இரண்டு பெனலைத் தொடராகக் கோர்த்தால் வெயிலில் 40 வோல்ட்டைத் தாண்டிவிடும். அங்கே இந்த ரிலேயின் 10 அம்பியர் வாக்குறுதி செல்லாது. 100 வோல்ட் டீசி என்றால் இந்த வகை ரிலே நம்பகமாக அறுப்பது அரை அம்பியர் அளவுதான்.

“அண்ணே, 250 வோல்ட் தாங்குற சாமான், 40 வோல்ட்டுல எரியுமா?” என்று அந்தத் தம்பி கேட்டார். எரியும் தம்பி. தாங்குவது வேறு, அறுப்பது வேறு.

*

வகைகளைப் பற்றி நினைவுக்கு வரும் ஒழுங்கில்.

சாதாரண ரிலே. சுருளின் தடை 80 ஓம் அளவில் இருக்கும். மூடியிருக்கும் வரை 0.15 அம்பியர் குடிக்கும். இரவு பகலாக மூடியே வைத்தால் ஒரு நாளைக்கு 3.6 அம்பியர்-மணி. 50 அம்பியர்-மணி பெட்டரியில் இது நூற்றுக்கு ஏழு. பாணுக்காக எரிய வேண்டிய விளக்கை ரிலே தின்கிறது.

இதைத் தவிர்க்க லாட்சிங் ரிலே. ஒரு தட்டுக்கு மூடும், இன்னொரு தட்டுக்குத் திறக்கும், இடையில் எதுவும் குடிக்காது. விளக்குக்கு, பாட்டுக்கு நல்ல சாமான். பாதுகாப்புக்காக அறுக்கும் இடத்தில் மட்டும் இதை வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். கட்டுப்படுத்தும் சுற்று செத்துப்போனால் லாட்சிங் ரிலே கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும், மூடியிருந்தால் மூடியபடி. சாதாரண ரிலே அப்படியல்ல, சுருளுக்கு மின்சாரம் போனதும் ஸ்பிரிங் இழுத்துத் திறந்துவிடும். ஒரு நாளைக்கு 3.6 அம்பியர்-மணி என்பது அந்த நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை. இழுத்த பிறகு பிடித்து வைத்திருக்கக் குறைந்த மின்சாரம் போதும் என்பதால், அதைக் குறைத்துக் கொடுக்கும் சுற்றுகளும் உண்டு.

சொலிட் ஸ்டேட் ரிலே. அசையும் பாகம் இல்லை, குலுங்கும் மலை வீதிக்கு இதுவே சரி என்று தோன்றும். இரண்டு விஷயம் தெரியாமல் வாங்கக் கூடாது. ஏசிக்குச் செய்தது டீசியில் ஒருமுறை மூடிவிட்டால் திறக்காது, ஏனென்றால் அது பூச்சியத்துக்காகக் காத்திருக்கும் பொருள். டீசிக்குச் செய்தது வேலை செய்யும், ஆனால் பழுதாகும்போது பெரும்பாலும் ஷோர்ட்டாகிப் பழுதாகும். அணைக்க வேண்டிய நேரத்தில் அணையாது. அதனால் அதற்கு முன்னால் பியூஸும் கையால் திருப்பும் சுவிட்சும் கட்டாயம்.

ஸ்டார்ட்டர் சொலனொயிட். பழைய லொறியில் கழற்றியதைப் பிரதான சுவிட்சாகப் போடும் பழக்கம் இருக்கிறது. எஞ்சினைத் திருப்பும் சில வினாடிக்காகச் செய்தது அது. மணிக்கணக்கில் பிடித்து வைத்தால் சுருள் வெந்துவிடும். தொடர்ந்து பிடிப்பதற்கென்று தனியாக வருகிறது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

வோல்ட்டைப் பார்த்து மூடும் ரிலே. எஞ்சின் ஓடி 13.3 வோல்ட் அளவுக்கு ஏறியதும் வண்டிப் பெட்டரியையும் சோலார் பெட்டரியையும் சேர்க்கும், 12.8க்கு இறங்கினால் பிரிக்கும். இரண்டும் ஈயப் பெட்டரியாக இருந்தால் அருமையான ஏற்பாடு. சோலார் பக்கம் லித்தியம் பொஸ்பேட் வைத்தால் குழப்பம் வரும். நிறைந்த லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட்டில் நிற்கும், ஆகவே ரிலே பிரியாமல் இரவெல்லாம் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கும். வெறுமையான லித்தியமோ எஞ்சின் ஓடும்போது அள்ளி இழுத்து ஆட்டோவின் சின்ன ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். அங்கே ரிலேயை விட்டுவிட்டு டீசி-டீசி சார்ஜர் போடுவதே முறை.

பெரிய வண்டிகளுக்கான டீசி கொன்டாக்டர்களைப் பற்றி ஒரு வரி: சிலவற்றில் காந்தம் வைத்துப் பொறியை வெளியே ஊதித் தள்ளுவார்கள். அப்படிப்பட்டதில் கூட்டல் அடையாளம் இருக்கும். தலைகீழாக இணைத்தால் பொறி உள்ளே தள்ளப்படும்.

*

மலிவான சோலார் கொன்ட்ரோலர்கள் பலவற்றில் நேர்முனை பொது; அறுப்பது எதிர்முனைப் பக்கம். வீட்டில் இதனால் தொந்தரவு இல்லை. ஆட்டோவில் பொடியே, அதாவது வண்டியின் உலோக உடலே, எதிர்முனை. விளக்கின் எதிர்முனைக் கம்பியை வசதிக்காகப் பொடியில் முறுக்கிவிட்டால், கொன்ட்ரோலர் பெட்டரி இறங்கிவிட்டதென்று அறுத்தாலும் மின்சாரம் பொடி வழியாகச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டரி 10.5 வோல்ட்டுக்கும் கீழே போய்ச் சாகும். ‘கூடாத பெட்டரி’ என்று பழி கடைக்காரர்மேல் விழும். சோலார் பக்கத்து எதிர்முனைகளை எல்லாம் தனிக் கம்பியாகக் கொன்ட்ரோலருக்கே கொண்டுவர வேண்டும்.

இணைக்கும் ஒழுங்கும் இருக்கிறது. முதலில் பெட்டரி, பிறகு பெனல். கழற்றும்போது முதலில் பெனல், பிறகு பெட்டரி. பெனல் மட்டும் மாட்டியிருக்கும் கொன்ட்ரோலர் எத்தனை வோல்ட்டுக்கு வேலை செய்வதென்று தெரியாமல் தடுமாறும், சில சமயம் சுமையையும் சேர்த்துக் கெடுக்கும்.

*

ஈயப் பெட்டரி 1859இல் பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே கண்டது. இன்றும் தோட்டப்புறத்தில் அதுதான் ராஜா, ஏனென்றால் எந்த கராஜிலும் அதைத் தெரிந்த பாஸ் இருப்பார். அதன் வாயு பற்றித்தான் போதிய பயம் இல்லை.

நிறைந்த பெட்டரிக்குள் மேலும் மின்சாரம் ஏறினால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும். ஆறு செல் உள்ள 12 வோல்ட் பெட்டரியில் ஒரு அம்பியர்-மணிக்கு ஏறக்குறைய இரண்டரை லீற்றர். கொன்ட்ரோலர் பழுதாகி 2 அம்பியர் சும்மா ஏறிக்கொண்டிருந்தால் மணிக்கு 5 லீற்றர். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே அது வெடிக்கும் கலவை. 60 லீற்றர் காற்றுள்ள மூடிய பெட்டிக்கு 2.4 லீற்றர் போதும். அதாவது அரை மணித்தியாலம்.

மழைத் தண்ணீர் படக்கூடாதென்று பொலித்தீனால் சுற்றி அடைத்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன், அதற்குள்ளேயே ‘டிக் டிக்’ என்று அடிக்கும் ரிலேயும். ஒவ்வொரு அடியும் ஒரு பொறி. ஹைட்ரஜன் காற்றைவிட மிக லேசு, மேலே போய்த் தேங்கும். ஆகவே துவாரம் பெட்டியின் உச்சியில் இருக்க வேண்டும், காற்று உள்ளே வர அடியில் இன்னொன்று. ரிலேயும் பியூஸும் இன்வேர்ட்டரும் பெட்டரிப் பெட்டிக்கு வெளியே. மழை விழாதபடி துவாரத்துக்கு ஒரு தகரத் தாழ்வாரம் மடித்துக் கொடுத்தால் தீர்ந்தது.

பெட்டரியில் கை வைக்கும் முன் மோதிரம், காப்பு கழற்ற வேண்டும். கழற்றுவது எதிர்முனையிலிருந்து, மாட்டுவது எதிர்முனையைக் கடைசியாக. அமிலம் கண்ணில் பட்டால் நீண்ட நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

*

100 அம்பியர்-மணிப் பெட்டரியின் இரண்டு முனையையும் ஒரு ஸ்பானரால் தொட்டால் ஆயிரம் அம்பியருக்கு மேல் ஓடும். ஸ்பானர் சிவக்கும். வண்டியின் அதிர்வில் தேய்ந்த ஒரு கம்பி பொடியில் தொட்டாலும் அதுதான் நடக்கும். அதனால் பியூஸ் பெட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். தூரத்தில் வைத்தால், பெட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள கம்பிக்குக் காவல் இல்லை. பியூஸின் அளவைக் கம்பியின் தடிப்பை வைத்தே தீர்மானிக்க வேண்டும். சுமை கூடிவிட்டதென்று பியூஸை மட்டும் பெரிதாக்குவது தீக்கு வழிவிடுவது.

லித்தியத்துக்கு இன்னும் ஒன்று. சாதாரண பிளேட் பியூஸ் அறுக்கக்கூடியது ஆயிரம் அம்பியர் அளவு. பெரிய லித்தியம் பெட்டரி அதற்கும் மேலே தரும், பியூஸ் உருகிய பிறகும் உள்ளே பொறி பாலம் போடும். ‘கிளாஸ் டீ’ (Class T) வகை 20,000 அம்பியர் வரை அறுக்கும். விலை கூட. கொடுத்து வாங்க வேண்டும்.

*

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சப்பரத்தோடு ஜெனரேட்டர் இழுத்துப் போகும் இடத்தில் பெட்டரியும் இன்வேர்ட்டரும் வரத் தொடங்கியிருக்கிறது. சத்தமும் புகையும் இல்லை, நல்லது. ஆனால் 1000 வாட் இன்வேர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பெட்டரியிலிருந்து 90 அம்பியரைத் தாண்டி இழுக்கும். அதன் வயிற்றிலுள்ள கொள்ளளவிகள் முதல் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுத்து ரிலேயின் முனைகளை ஒட்டவைத்துவிடும்; ஒட்டிய ரிலே பிறகு எதற்கும் திறக்காது. ஒரு தடையி வழியாக முதலில் சில வினாடி நிரப்பிவிட்டுப் பிறகு மூட வேண்டும்.

இன்னொன்று. வீட்டு ட்ரிப் சுவிட்சை இன்வேர்ட்டருக்குப் பின்னால் மாட்டினாலே காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. மண்ணோடு தொடர்பில்லாத இன்வேர்ட்டரில் அது கசிவைக் காணாது. ஈரக் காலோடு ஆயிரம் பேர் தொடும் சப்பரத்துக்கு 230 வோல்ட் தேவையில்லை. 12 வோல்ட் எல்.ஈ.டி. சரங்கள் கிடைக்கின்றன. சாமிக்கு வெளிச்சம் குறையாது.

*

1947 செப்டெம்பர் 9ஆம் திகதி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில் ஒரு ரிலேக்குள் விட்டில்பூச்சி அகப்பட்டு வேலை நின்றது. பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். நம் பக்கம் எறும்பும் பல்லியும். சூடான இடம் தேடி எறும்பு திறந்த ரிலேக்குள் கூடு கட்டும், முனை சேராது. மூடி ஒட்டிய ரிலே வாங்கி, கால்கள் கீழே பார்க்கும்படி பொருத்தினால் எறும்பும் வராது, மூடுபனித் தண்ணீரும் தேங்காது. குலுக்கலில் சொக்கட்டிலிருந்து நழுவாதபடி ஒரு கிளிப்பும் வேண்டும்.

*

திருவண்ணாமலையில் பள்ளி மாணவியாக இருந்த வினிஷா உமாசங்கர் கரி இஸ்திரி வண்டிக்குப் பதிலாகச் சோலார் இஸ்திரி வண்டி வடிவமைத்தார். 2021இல் எர்த்ஷொட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார், அதே வருடம் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017 ஜனவரியிலிருந்து ‘ஆதித்யா’ என்ற சோலார் படகு 75 பேரை ஏற்றி ஓடுகிறது. ஒன்று தள்ளுவண்டி, ஒன்று படகு. நகரும் சோலார் ஏழைக்கும் பொதுமக்களுக்கும் எத்தனை செய்ய முடியும் என்பதற்கு இவை போதும். 250 வாட் இஸ்திரியை 12 வோல்ட்டில் நேராக ஓட்டினால் 20 அம்பியருக்கு மேல். இஸ்திரிக்குள் சூட்டைப் பார்த்து அறுக்கும் தெர்மோஸ்டாட்டும் ஒரு சுவிட்ச்தான். ஏசிக்குச் செய்த தெர்மோஸ்டாட் அங்கே பொறியில் வெந்துபோகும். நம் ஊரில் இப்படி வண்டி செய்ய நினைக்கும் பிள்ளைகள் முதலில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

*

லித்தியம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. லித்தியம் இரும்பு பொஸ்பேட் 1990களின் நடுவில் டெக்சாஸில் ஜோன் குட்இனஃப் குழுவில் வந்தது. அவருக்கு 2019இல் நோபல் கிடைத்தது. செல்லுக்கு 3.2 வோல்ட், மேல் எல்லை 3.65, கீழே 2.5. சூட்டைத் தாங்குவதில் லாப்டொப் செல்களைவிட எவ்வளவோ நிதானமானது. குலுங்கும் வண்டிக்கு இதைத்தான் சொல்வேன். பழைய லாப்டொப் செல்களை உடைத்து, சூடு வைத்து ஒட்டி, நெகிழ் உறையில் சுற்றிக் கொடுக்கும் பொதிகளை வண்டியில் ஏற்றவே கூடாது. ஒரு செல் கெட்டால் அடுத்ததைக் கொளுத்தும், அணைக்க ஏராளம் தண்ணீர் வேண்டும், புகையும் நஞ்சு.

லித்தியத்தின் உள்ளிருக்கும் காவல் சுற்று கடைசிக் காவல். அது அடிக்கடி அறுக்கிறதென்றால் வெளியே ஏதோ பிழை. சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது அது திடீரென்று அறுத்தால் வோல்ட் துள்ளி விளக்கையும் ரேடியோவையும் எரிக்கும். கொன்ட்ரோலரின் எல்லையை அதற்குக் கொஞ்சம் கீழே வைத்தால், காவல் சுற்றுக்கு வேலை வராது.

*

செத்த ஈயப் பெட்டரியின் அமிலத்தைக் கானில் ஊற்றுவது நிற்க வேண்டும். கலஹா மலையில் ஊற்றுவது ஓடை வழியாக மகாவலியில் சேரும். ஈயம் சிறுபிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். புதிய பெட்டரி வாங்கும்போது பழையதை அமிலத்தோடு முழுசாகக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

*

பாண் ஆட்டோ, மீன் ஆட்டோ, ஒலிபெருக்கி வேன் வைத்திருப்பவர்களுக்கு: ரிலே வாங்கும்போது டீசி வோல்ட் எழுதிய வரியைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட முடியாததை வாங்காதீர்கள். இன்றைக்கு வண்டியை நிறுத்தியதும் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பெட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இல்லையென்றால், நாளைக் காலை பாட்டைப் போடுவதற்கு முன் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.